கேட் எந்தப் பக்கம் திறக்க வேண்டும்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரி இன்னும் உன்னைச் சகித்துக்கொண்டிருக்கிறாளா? அவளை நான் ரொம்பக் கேட்டதாகச் சொல்.

அக்காவிடமிருந்து கடிதமா என்று நீ வாயைப் பிளப்பாய். போனில் சொன்னால் அளவெல்லாம் உன் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விடும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உன் பட்டறையில் செய்து எனக்குக் கேட் அனுப்ப வேண்டும். ஒன்றிரண்டு இல்லை, ஐந்து. தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால், கொட்டகைக்குப் பின்னால் சரிவாக இறங்கும் இடம் இருக்கிறதே, அங்கே மாடுகளை அடைக்க ஒரு பட்டி போடப் போகிறேன். முதலில் எல்லா மாடும் நிற்கிற மாதிரி ஒரு பெரிய அடைப்பு. அங்கிருந்து ஒரு சின்ன அடைப்பு. அதிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் போகிற மாதிரி ஒடுக்கமாக ஒரு சந்து. சந்து முடிகிற இடத்தில் லாரி மட்டத்துக்கு ஒரு சாய்ந்த மேடை. படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். சிரிக்காதே, என் கையில் கோடு நேராக வராது என்று உனக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

தடுப்பூசி போடத்தான் இதெல்லாம். ஒவ்வொன்றையும் துரத்திப் பிடித்துக் கட்டிப் போடுவதற்குள் டாக்டருக்கும் நாக்குத் தள்ளிவிடுகிறது, எனக்கும் தள்ளிவிடுகிறது.

உன் அத்தான் நன்றாக இருக்கிறார். வேளைக்குச் சாப்பிடுகிறார், வேளைக்குத் தூங்குகிறார். மேனேஜரும் அப்படியே. அந்தக் காளைக்கு நீ வைத்த பெயர் பொருத்தம்தான். ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் பார்வையிட்டுக்கொண்டு திரிகிறது.

மழை பிடிப்பதற்குள் முடிய வேண்டும். நீ சாவகாசமாகச் செய்கிறவன் என்பதால் இப்போதே சொல்கிறேன், எனக்குச் சாவகாசம் இல்லை. பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. தபாலாபீஸிலேயே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன், நானே போய் வாங்கிக்கொள்வேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 14

அன்பு அக்காவுக்கு,

உன் தம்பி. முதுகு அதன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு வேலை செய்கிறேன், இரண்டு பேரும் ஒருவரையொருவர் கண்டுகொள்வதில்லை. அவளும் சுகம். நீ கேட்டதாகச் சொன்னேன். "நாத்தனார் கடிதம் போடுற அளவுக்கு என்ன ஆச்சு?" என்கிறாள். எனக்கும் அதே கேள்விதான்.

உன் படத்தைப் பட்டறையில் எல்லோரும் பார்த்தார்கள். பெயின்டர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஏதோ பூச்சி என்றான். ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. சில கேள்விகள் இருக்கின்றன, நிதானமாக உட்கார்ந்து பதில் எழுது.

சரிவில் மேடை மேல் பக்கம் வருகிறதா, கீழ்ப் பக்கமா? மாடு ஏற்றத்தில் போகும். இறக்கத்தில் தள்ளினால் காலை ஊன்றிக்கொண்டு நிற்கும். மண் எப்படி? மூலைத் தூண் மூன்றடியாவது உள்ளே போக வேண்டும். மற்ற தூண் சாய்ந்தால் பரவாயில்லை, கேட் தொங்குகிற தூண் சாய்ந்தால் அவ்வளவுதான், கேட் தரையில் உழும். சந்தின் அகலம் இரண்டேகால் அடிக்கு மேல் வேண்டாம். அகலம் அதிகமானால் மாடு திரும்பப் பார்க்கும், பாதியில் மாட்டிக்கொண்டு ரகளை பண்ணும். கேட் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி போடு. நீ நிற்கிற பக்கத்துக்கு எதிராகத் திறக்க வேண்டும். மாடு முட்டினாலும் கேட் உன்மேல் வரக் கூடாது.

இன்னொன்று. பட்டிக்குள் வர வழி வரைந்திருக்கிறாய், மேடைக்குப் போக வழி வரைந்திருக்கிறாய். ஊசி போட்ட மாடு மேய்ச்சலுக்குத் திரும்பிப் போக வழியைக் காணோம். மறந்துவிட்டாயா?

அத்தான் இதற்கு எப்படி ஒத்துக்கொண்டார்? "ஒரு கயிறு, ஒரு அதட்டல், மாட்டுக்கு வேற என்னய்யா வேணும்?" என்று என்னையே விரட்டியவர் ஆயிற்றே. அவரைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு உன் சாவகாசமான
தம்பி


பிப்ரவரி 22

தம்பிக்கு,

சுகம். நீயும் அப்படியே இருப்பாய்.

மேடை மேல் பக்கம். மண் ஓரடி வரை மெத்தென்று இருக்கிறது, அதற்குக் கீழே பாறை. குழி தோண்ட அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். தோண்டுவதைவிடச் சண்டைதான் அதிகம். அண்ணன் கல் என்றால் தம்பி மண் என்கிறான். "வாயை மூடிக்கிட்டுத் தோண்டுங்க, சத்தம் வீட்டு வரைக்கும் போகக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஐந்து நிமிஷம் சும்மா இருக்கிறார்கள், பிறகு ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அம்புக்குறி போட்ட புதுப் படம் இதோ. எல்லாம் மேடையைப் பார்த்துத் திறக்கட்டும். சந்துக்கு இரண்டேகால் அடி, நீ சொன்னபடியே. கேட் ஐந்தடி உயரம் இருக்கட்டும், ஆறு குழாய் குறுக்கே. கொக்கி சத்தம் போடாததாக வேண்டும். சங்கிலி வேண்டாம்.

எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. காலையில் குழியைப் போய்ப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன், அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு மறுபடியும் போய்ப் பார்க்கிறேன். நேற்று பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. எப்போது முடிப்பாய் என்று ஒரு தேதி சொல். தேதி தெரிந்தால் கொஞ்சம் மூச்சு விடுவேன்.

போன் எல்லாம் போட வேண்டாம். எழுது.

அக்கா


மார்ச் 11

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று வழக்கத்துக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன்.

மூன்று கேட் முடிந்துவிட்டது. நான்காவதற்குக் குழாய் வெட்டிக் கிடக்கிறது. மேடைக் கேட்டின் அகலத்தை நீ இரண்டு படத்திலும் இரண்டு விதமாகப் போட்டிருந்தாய். போட வேண்டாம் என்று சொன்னாலும் வேறு வழியில்லாமல் செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போன் போட்டேன். வெயில் நன்றாக ஏறிய நேரம். இத்தனை மாடு வைத்திருக்கிற மனுஷர் அந்த நேரத்தில் வீட்டுக்குள் இருந்து நான் பார்த்ததே இல்லை. நீதான் எடுப்பாய் என்று நினைத்தேன். முதல் மணியிலேயே அத்தான் எடுத்தார்.

"என்ன மாப்பிள்ளை, அதிசயமா இருக்கு" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. ஒரு வாக்கியம் பேசிவிட்டு மூச்சு வாங்கினார். நான் என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "கேட் அளவு ஒண்ணு கேக்கணும் அத்தான்" என்றுவிட்டேன். "எந்தக் கேட்?" என்றார்.

"எங்க வீட்டு வாசல் கேட் அத்தான், உங்க வீட்டுது மாதிரி செய்யலாம்னு" என்று உளறினேன். வாசல் கேட்டா, அதை நீங்கள்தானே செய்து கொடுத்தீர்கள் என்றார். ஆமாம், நான்தான் செய்து கொடுத்தேன். அக்கா, இவ்வளவு கேவலமாக நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை. அவரும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவருக்கு என்ன? பட்டி போடுவது அவருக்கே ஏன் தெரியாது? திரும்பி வருகிற வழியைப் பற்றிக் கேட்டேன், அதற்கும் நீ பதில் சொல்லவில்லை. இதற்கெல்லாம் பதில் வந்தால்தான் நான்காவது கேட்.

உன் தம்பி


மார்ச் 16

தம்பிக்கு,

போன் போடாதே என்று எழுதினேனா இல்லையா? போன் அவர் தலைமாட்டில் இருக்கிறது. அதனால்தான் கடிதம். உன் மறதிக்காக இல்லை. இப்போது புரிந்ததா?

சரி, கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன்.

டிசம்பரில் மேனேஜர் அவரைச் சுவரோடு வைத்து அழுத்திவிட்டது. கால் குளம்பில் புண் என்று மருந்து போடப் போனார். வழக்கம்போலக் கயிறுதான், அதட்டல்தான். கயிறு வழுக்கியதா, அவர் கை வழுக்கியதா, தெரியாது. கொட்டகைக்கு ஒரே வாசல். அந்த வாசலை அடைத்துக்கொண்டு காளை நிற்கிறது, அதற்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். சுற்றிக்கொண்டு போக ஒரு வழி இல்லை, வேலி இல்லை, கேட் இல்லை. மண்வெட்டியால் அதன் பின்னங்காலில் அடித்தேன், அடித்தேன், அது நகரவே இல்லை. அவர் கத்தவில்லை தம்பி. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. அது இன்னும் என் காதில் இருக்கிறது.

விலா எலும்பு நான்கு. இடுப்பில் தகடு வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்து வந்து இப்போது முன்னறையில் கட்டில். அந்த ஜன்னலில் தெரு தெரியும், பின்பக்கம் தெரியாது. "மாப்பிள்ளைக்குச் சொல்லாதே, ஆயுசு முழுக்கக் கேலி பண்ணுவான்" என்றார். நானும் சொல்லவில்லை. சொன்னால் நீ ஓடிவந்து அவர் பக்கம் சேர்ந்துகொள்வாய் என்று எனக்கே ஒரு பயம்.

மே கடைசியில் கோல் ஊன்றி நடக்கலாம் என்கிறார் டாக்டர். கண் விழித்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி என்ன தெரியுமா? "மேனேஜரைக் கட்டியிருக்கியா?" கிடக்கிற கிடையிலும் நினைப்பெல்லாம் அதன்மேல்தான். எழுந்த அன்றைக்கே கயிற்றை எடுத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போவார். போகாதீர்கள் என்றால் நிற்கிற ஆளா?

அதனால் விற்கப் போகிறேன். ஒன்று விடாமல் எல்லாவற்றையும், அவர் எழுந்திருப்பதற்குள். வியாபாரியிடம் பேசிவிட்டேன். மேய்ச்சலுக்குத் திரும்பிப் போக வழி வைக்க நான் மறக்கவில்லை. போகிற மாடு எதற்குத் திரும்பி வர வேண்டும்?

என்னைத் திட்டி எழுதாதே. முப்பது வருஷமாக அவர் வளர்த்தது என்று எனக்குத் தெரியாதா? எனக்குப் பயமாக இருக்கிறது. ராத்திரி கண்ணை மூடினால் பயம், பகலில் அவர் இருமினால் பயம். அவர் என்னோடு பேசாமல் போனாலும் போகட்டும், உயிரோடு இருந்துகொண்டு பேசாமல் இருக்கட்டும்.

நான்காவது கேட்டை முடி.

அக்கா


ஏப்ரல் 9

அன்பு அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். உன் கடிதம் வந்த அன்று வெல்டிங் கம்பியைக் கீழே வைத்தவன், வெகு நாள் எடுக்கவில்லை. வேறு வேலைகளைச் செய்தேன். உன் குழாய்கள் மூலையில் கிடந்தன. அவற்றைத் தாண்டித் தாண்டிப் போனேன். வீட்டில் அவளிடம் சொன்னேன். "நீங்க செய்யலேன்னா அவங்க கயிறு கட்டியாவது ஏத்துவாங்க. அப்ப அவங்களுக்கு அடிபடும்" என்றாள். அதற்கப்புறம்தான் கை ஓடியது.

கேட்டுகள் நாளை லாரியில் புறப்படும். நீ ஐந்து கேட்டாய், ஆறு வரும். ஆறாவது, சந்தின் பக்கவாட்டில் மேய்ச்சலைப் பார்த்துத் திறப்பது. மாடு உள்ளே போய் வெளியே வர முடியாத பட்டியை நான் இதுவரை செய்ததில்லை, சொந்த அக்காவுக்காக ஆரம்பிக்கவும் மாட்டேன். வேண்டாம் என்றால் பூட்டி வை.

இன்னொன்றும் சேர்த்திருக்கிறேன். ஒவ்வொரு அடைப்பின் மூலையிலும் வேலிக்கும் தூணுக்கும் நடுவே பதினான்கு அங்குலம் இடைவெளி விடு. அதற்கென்று தனித் தூண்கள் வருகின்றன, சிவப்புப் பெயின்ட் அடித்தவை. மனுஷன் ஒருக்களித்து நழுவிவிடலாம், காளை தலையை மட்டும்தான் விட முடியும். என் தொப்பையை வைத்துத்தான் அளவு பார்த்தேன், நான் நுழைந்தால் ஊரில் யார் வேண்டுமானாலும் நுழையலாம். முதலில் இதை நடு. கேட்டெல்லாம் அப்புறம். உள்ளே நிற்கப் போகிறவள் நீ.

அத்தானிடம் சொல்லிவிடு அக்கா. மாட்டை விற்பது உன் இஷ்டம், அவர் இஷ்டம், இரண்டு பேரும் பேசி முடிவு செய்வது. கண்ணைக் கட்டிவிட்டுச் செய்யாதே. ஒரு வார்த்தை சொல், நான் கிளம்பி வருகிறேன்.

உன் மேல் கோபமில்லை. உன்னை நினைத்துத்தான் கவலை, அவ்வளவுதான்.

தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

கேட்டுகள் வந்து சேர்ந்தன. கீல் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. ஒரு விரலால் தள்ளினால் போதும். கைராசிக்காரன்தான் நீ, அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

சிவப்புத் தூண்களைத்தான் முதலில் நட்டேன். குழி தோண்டுகிற அண்ணன் நுழைந்து பார்த்தான், தம்பி நுழைந்து பார்த்தான், நான் நுழைந்து பார்த்தேன். நேற்று ஐந்தாறு மாடுகளை விட்டுப் பார்த்தோம். பெரிய அடைப்பு வரை ஒழுங்காக வந்தன. சந்தின் வாயில் வந்ததும் முன்னால் வந்த வயசான பசு, நம் கிழவி, ஒரேயடியாக நின்றுவிட்டாள். அடித்தாலும் இல்லை, தள்ளினாலும் இல்லை. பின்னால் வந்தவை அவள் மேல் ஏறுகின்றன. கடைசியில் பார்த்தால் தம்பிக்காரன் வேலியில் போட்ட சட்டை காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்ததும் கோயிலுக்குப் போகிற மாதிரி அமைதியாக உள்ளே போனாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இப்படிப்பட்டதுகளைத்தான் அனுப்பப் போகிறேன்.

உன் ஆறாவது கேட்டையும் மாட்டிவிட்டேன், சும்மா கிடந்து துருப்பிடிக்க வேண்டாமே என்று. அப்புறம் கம்பி போட்டு முறுக்கிக் கட்டிவிட்டேன்.

அவரிடம் சொல்ல மாட்டேன். வரவும் வேண்டாம். நீ வந்தால் அவர் முகத்தைப் பார்த்து ஐந்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் கக்கிவிடுவாய். மே இருபதாம் தேதி லாரி. அதுவரை எனக்குக் கடிதம் எழுதாதே, என் மனசைக் கலைக்காதே.

அவளுக்கு என் அன்பு. நல்ல புத்திசாலி அவள், எப்படி உன்னிடம் வந்து மாட்டினாளோ.

அக்கா


மே 4

மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுகிறேன். என் கையெழுத்து இப்படிக் கோணலாக இருப்பதற்குப் படுத்துக்கொண்டு எழுதுவதுதான் காரணம். மற்றபடி உயிர் இருக்கிறது. நீங்களும் தங்கச்சியும் நலமாக இருக்க வேண்டும்.

குழி தோண்ட வந்தவர்களில் சின்னவன் எனக்குத் தண்ணீர் கொடுக்க வருவான். அவனிடம் கொடுத்துத்தான் இதைத் தபாலில் சேர்க்கச் சொல்கிறேன். உங்கள் அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.

வாசல் கேட் என்று அன்றைக்குச் சொன்னீர்களே, இடுப்பு வலியிலும் சிரிப்பு வந்தது. மாப்பிள்ளை, ஐந்து மாதமாகப் படுத்திருக்கிறவனுக்குக் காதைத் தவிர வேறு வேலை ஏது? கடப்பாரை பாறையில் படுகிற சத்தம் எனக்குக் கேட்காதா? கல்லா மண்ணா என்று இரண்டு பேர் மாதக்கணக்கில் சண்டை போட்டால் கேட்காதா? சிமென்ட் கலக்குவது கேட்கிறது. மாடுகள் இந்தப் பக்கம் போகாமல் அந்தப் பக்கம் போவது கேட்கிறது. மேடை போடுகிறாள் என்று தெரிந்த அன்றே விற்கப் போகிறாள் என்றும் தெரிந்துவிட்டது. தேதியும் சின்னவன் மூலம் தெரியும்.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எனக்கு அந்தக் காளையிடம் போகப் பயம். காளை என்ன, கன்றுக்குட்டி கத்தினாலே போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறேன். காலையில் எழுந்ததும் அது கட்டியிருக்கிறதா என்று கேட்கிறேன். கட்டியிருக்கிறது என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வருகிறது. மாட்டுக்காரன் என்று இந்த வட்டாரத்தில் பேர் வாங்கியவன். அவளிடம் போய், எனக்குப் பயமாயிருக்கு, வித்துடு என்று எந்த வாயால் சொல்வது?

அவளே எனக்குத் தெரியாமல் விற்றுவிட்டால் நல்லது. நான் நாலு நாள் கோபமாக இருந்துவிட்டு அடங்கிவிடுவேன். பெயரும் கெடாது. இதைக் கெடுத்துவிடாதீர்கள், அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அத்தான்


மே 9

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

வணக்கம். நீங்கள் உயிரோடு இருப்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அடுத்து எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது. சின்னவன் பெயருக்கே அனுப்புகிறேன்.

உங்களைக் கேலி செய்ய மாட்டேன். எனக்கே காளை என்றால் பத்தடி தள்ளித்தான். அதனால்தான் கேட் செய்கிற தொழிலுக்கு வந்தேன்.

ஆனால் நாலு நாள் கோபம் என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்னால் தாங்க முடியவில்லை. நீங்கள் நாலு நாளில் அடங்கிவிடுவீர்கள். அக்கா? கணவன் படுத்த படுக்கையாகக் கிடக்கும்போது அவர் வளர்த்ததையெல்லாம் திருட்டுத்தனமாக விற்றவள் என்று சாகிற வரைக்கும் தன்னையே குத்திக்கொண்டிருப்பாள். உங்களைக் காப்பாற்ற அவள் உங்களிடம் பொய் சொல்கிறாள். உங்கள் பெயரைக் காப்பாற்ற நீங்கள் அவளைப் பொய் சொல்ல விடுகிறீர்கள். இரண்டும் ஒன்றில்லை அத்தான்.

அவள் சாப்பிடுகிறாளா என்று பார்த்தீர்களா? தூங்குகிறாளா? இவ்வளவு கேட்கிற காதுக்கு, ராத்திரி அவள் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பது கேட்கவில்லையா?

நான் அவளிடம் சொல்ல மாட்டேன். அது உங்கள் வேலை. லாரி வருவதற்குள் சொல்லிவிடுங்கள். என்னை இனிமேல் இந்த மாதிரி ரகசியத்தில் சேர்க்காதீர்கள், எனக்கு இரண்டு பக்கமும் பொய் சொல்லி முதுகுவலி அதிகமாகிவிட்டது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்தாலும் சரி.

உங்கள் மாப்பிள்ளை


மே 24

அன்புள்ள தம்பிக்கும் அவளுக்கும்,

இருவரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று இந்த ஒரு தடவை நிஜமாகவே எழுதுகிறேன்.

இருபதாம் தேதி காலையிலேயே லாரி வந்துவிட்டது, இரண்டு. வியாபாரி கூடவே வந்தான். அவருக்கு மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு, முன்கதவைச் சாத்திவிட்டுப் பின்பக்கம் ஓடினேன். மாடுகள் பெரிய அடைப்பில் நின்றன. மேனேஜரை முதலில் ஏற்றிவிடலாம் என்றேன், அதற்காகத்தானே இத்தனை பாடும். சந்துக்குள் விட்டோம். திரும்பப் பார்த்தது, முடியவில்லை. ஒரு முட்டு முட்டியது, உன் கேட் அசையவில்லை. கடகடவென்று நடந்து லாரிக்குள் போய் நின்றுகொண்டது. அவ்வளவு சுலபமாகப் போகும் என்று நான் நினைக்கவே இல்லை.

அடுத்து மற்றவை. அந்தக் கிழவியையும் இன்னொன்றையும் பார்த்துவிட்டு வியாபாரி, இரண்டும் இன்னும் பத்துப் பதினைந்து நாளில் கன்று போட்டுவிடும், லாரியில் ஏற்ற மாட்டேன் என்றான். அவை அதற்குள் சந்துக்குள் வந்துவிட்டன. பின்னால் மற்ற மாடுகள் நெருக்குகின்றன. உன் ஆறாவது கேட்டின் கம்பியைக் கட்டிங் பிளேயரால் வெட்டி, உன்னைத் திட்டிக்கொண்டே திறந்து வெளியே விட்டேன். சரி, சரி, நீ சொன்னது சரிதான்.

பாதி ஏற்றியிருப்போம். குழி தோண்டுகிற அண்ணன் என் பின்னால் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டான். திரும்பினால் அவர். கையில் கோல்கூட இல்லை தம்பி. சுவரைப் பிடித்து, தொட்டியைப் பிடித்து, வேலியைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். சட்டை பொத்தான் மாறிப் போட்டிருக்கிறது. முகம் வெள்ளைத் தாள் மாதிரி.

வியாபாரி ஏற்றுவதை நிறுத்திவிட்டான். "அண்ணே, உங்களுக்குச் சம்மதம்தானே? அக்கா சொன்னாங்கன்னுதான் வந்தேன். நாளைக்கு வம்பு வழக்குன்னு வந்தா நான் தாங்க மாட்டேன்" என்றான். எல்லோரும் அவரையே பார்க்கிறார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இன்றைக்கு எது வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, "நான்தான் விக்கச் சொன்னேன்" என்றார். அப்புறம், அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "எனக்கு அதுங்ககிட்டப் போகப் பயமா இருக்கு. அதான் அவளை விட்டுச் செய்யச் சொன்னேன்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. வியாபாரி தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் அப்படித்தாண்ணே, தினமும்" என்றான். பிறகு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

நான் அழுதேன் என்று நினைப்பாய். இல்லை. அவரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். "தெரிஞ்சிருந்தும் மூணு மாசம் என்னைத் திருடி மாதிரி பதுங்க விட்டீங்களே, நீங்க மனுஷனா?" என்றேன். "நீ எங்கிட்டச் சொன்னியா?" என்றார். "நீங்க சொன்னீங்களா?" என்றேன். லாரிக்காரன் ஹாரன் அடிக்கிற வரைக்கும் இதேதான். உனக்கு அவர் கடிதம் எழுதியதும், நீ அவருக்கு எழுதியதும் அந்தச் சண்டையில்தான் வெளியே வந்தது. உனக்குத் தனியாகக் கச்சேரி இருக்கிறது, நேரில் வரும்போது.

லாரிகள் போன பிறகு அந்த இடம் எப்படியிருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. அவர் வெகு நேரம் அந்த இரண்டு மாடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுங்களை நீ பாத்துக்கோ, நான் வேலிக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன்" என்றார். நிற்கட்டும், அங்கேயே நிற்கட்டும், எனக்கு வேறென்ன வேண்டும்?

மறுநாள் பால் கறக்கிற நேரத்துக்கு எனக்கு முழிப்பு வந்துவிட்டது. எழுந்து முன்னறைக்கு வந்தேன். அவரும் விழித்துக்கொண்டுதான் கிடந்தார். மிச்சமிருக்கிற இரண்டும் சினை, கறக்க ஒன்றும் இல்லை. கட்டக் காளையும் இல்லை. வழக்கமாகக் கேட்பாரே, மேனேஜரைக் கட்டியிருக்கியா என்று, வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். நான் கதவு நிலையில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்து, "அன்னிக்கு நீ ரொம்பப் பயந்துட்டியா?" என்று கேட்டார்.

டிசம்பரிலிருந்து அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்கவில்லை தம்பி. டாக்டர் கேட்கவில்லை, பார்க்க வந்தவர்கள் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை.

"ஆமா" என்றேன்.

அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரோரம் நகர்ந்து படுத்தார். கட்டிலில் பாதி இடம் காலியாக இருந்தது. நான் போய்ப் படுத்தேன். கண் விழித்தபோது வெயில் ஜன்னலைத் தாண்டி வந்து தரையில் கிடந்தது. அவர் என்னை எழுப்பவே இல்லை.

அடுத்த மாதம் இரண்டு பேரும் வாருங்கள்.

அக்கா